பழைய காரில் மின்கசிவும் நீர்க்கசிவும்

நிறுத்தி வைத்த காரில் பேட்டரி தானாக இறங்குவதும், மழைநீர் உள்ளே புகுவதும் சில சமயம் ஒரே கோளாறின் இரு முகங்களாக இருக்கும். வடசென்னையில், குறிப்பாக வியாசர்பாடியை ஒட்டிய எம்.கே.பி. நகர் போன்ற தாழ்வான பகுதிகளில், இது அதிகம் கவனிக்க வேண்டியது. எண்ணூர், ராயபுரம் பக்கத்து உப்புக்காற்று இணைப்புகளை அரிக்கும்; 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் வெள்ளம் சூழ்ந்த வண்டிகளில் ஒயரிங்குக்குள் போன ஈரம் பின்னாளில் தொல்லை தரலாம்.

சோதனை எளிது. சாவியை எடுத்து, கதவுகளை மூடி, பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றி, இடையில் மல்டிமீட்டரை 10 ஆம்பியர் அளவில் இணைக்க வேண்டும். அப்போது வண்டியை ஸ்டார்ட் செய்யவே கூடாது, மீட்டர் பழுதாகும். 50 மில்லியாம்பியருக்குள் இருந்தால் பொதுவாகக் கவலையில்லை. அரை ஆம்பியர் ஓடினால், 35 ஆம்பியர்-மணி பேட்டரி மூன்றே நாளில் காலி. ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கும்போது எதில் அளவு சட்டென்று குறைகிறதோ, கோளாறு அந்தச் சர்க்யூட்டில்தான். அணையாத டிக்கி லைட், பிறகு பொருத்திய ஸ்டீரியோ, ஒட்டிக்கொண்ட ரிலே ஆகியவை வழக்கமான காரணங்கள்.

ஃபியூஸ் பெட்டியில் பச்சைப் பூஞ்சை போலக் களிம்பு தெரிந்தால் தண்ணீர் வரும் வழியைத் தேட வேண்டும். ஒருவர் முன்கண்ணாடி மேல் மெதுவாகத் தண்ணீர் விட, மற்றவர் டார்ச்சுடன் டாஷ்போர்டுக்கு அடியில் பார்க்கலாம். காய்ந்து வெடித்த கண்ணாடி ரப்பர், வைப்பருக்குக் கீழே இலை அடைத்த வடிகால், ஏசி வடிகுழாய் மூன்றையும் பார்க்கவும். கசிந்த நீரில் பிசுபிசுப்பும் இனிப்பு வாடையும் இருந்தால் அது கூலன்ட். கசிவை அடைக்காமல் புது பேட்டரி வாங்குவது வீண்செலவு.