யாரைக் கேட்டு கலரை மாத்துனாங்க?

நியூயார்க் எம்பயர் ஸ்டேட் கட்டிடம்னு சொன்னா நம்ம ஆளுங்களுக்கு கிங்காங் ஞாபகம் வரும். இல்லாட்டி, 102 மாடிங்கிற பொது அறிவுக் கேள்வி. எனக்கென்னவோ அதோட உச்சியில ராத்திரி எரியுற விளக்குதான் ரொம்ப சுவாரசியமான விஷயமாப் படுது. அந்த விளக்கு எந்த நிறத்துல எரியணும்னு ஜனங்க தெருவுல இறங்கிக் கொடி பிடிச்ச கதையெல்லாம் இருக்கு மக்களே!

ஆரம்பமே அரசியல்தான். கட்டிடம் திறந்தது 1931 மே 1. வாஷிங்டனில் உட்கார்ந்தபடி அதிபர் ஹூவர் ஒரு பொத்தானை அழுத்த, இங்கே விளக்குகள் எரிந்தன (சும்மா ஒரு சம்பிரதாயத்துக்குத்தான்). கட்டிடத்தைக் கட்டின கம்பெனியின் தலைவர் அல் ஸ்மித். யார் இந்த ஸ்மித்? நியூயார்க்கின் முன்னாள் கவர்னர், 1928 அதிபர் தேர்தலில் இதே ஹூவர்கிட்ட தோத்தவர். தன்னைத் தோற்கடிச்ச ஆள் கையாலேயே தன் கட்டிடத்துக்கு விளக்கேத்த வேண்டிய நிலைமை. பாவம்.

ஆனா கதை அதோட முடியலை. 1932 நவம்பரில் அடுத்த தேர்தல். கட்டிடத்து உச்சியில ஒரு பெரிய தேடுவிளக்கை வச்சு, ரூஸ்வெல்ட் ஜெயிச்சுட்டார்னு சுத்துவட்டாரம் 50 மைலுக்குச் சேதி சொன்னாங்க. தோத்தது யாரு? 18 மாசத்துக்கு முன்னாடி பொத்தானை அழுத்தின அதே ஹூவர்! இதை ஸ்மித் மனசுக்குள்ள ரசிச்சிருப்பாரோன்னு நினைச்சா, அதுவும் முடியாது. அந்த வருஷம் கட்சி வேட்பாளர் போட்டியில ரூஸ்வெல்ட்கிட்டயும் அவர் தோத்திருந்தார்.

அப்போ பொருளாதார மந்தம் வேற. வாடகைக்கு ஆள் வராம மாடி மாடியாக் காலியாக் கிடந்த கட்டிடத்தை 'எம்ப்டி ஸ்டேட் பில்டிங்'னு ஊரே கிண்டலடிச்சது. 1956ல சுழலும் விளக்குகள் நாலு வந்துச்சு. ஆனா இன்னிக்கு நாம பாக்குற மாதிரி, கட்டிடத்து மேல் பகுதி மொத்தமும் வெளிச்சத்துல மிதக்குற காட்சி 1964லதான் ஆரம்பம். அந்த வருஷம் நியூயார்க்கில் நடந்த உலகக் கண்காட்சிக்காக மேல் 30 மாடிகளுக்கு ஃப்ளட்லைட் போட்டாங்க. வெறும் வெள்ளை. 1973ல எண்ணெய் நெருக்கடி வந்ததும் அதையும் அணைச்சுட்டாங்க. நவம்பரில் அணைஞ்சது 1974 ஜூலையிலதான் திரும்ப எரிஞ்சது.

கலர் வந்தது 1976ல. அமெரிக்கச் சுதந்திரத்தோட 200வது ஆண்டு. டக்ளஸ் லீ என்கிற விளம்பர விளக்கு மன்னன் கைவரிசை. டைம்ஸ் ஸ்கொயர்ல சிகரெட் விளம்பரப் பலகையில ஒரு ஆள் வாயிலிருந்து நிஜமாவே வளையம் வளையமாப் புகை வர வச்சாரே, அந்த லீ (அது புகை இல்ல, நீராவி!). அவர் யோசனையில கட்டிடம் சிவப்பு-வெள்ளை-நீலமா மாறிச்சு. அடுத்த வருஷமே யாங்கீஸ் பேஸ்பால் அணி ஜெயிச்சதுக்கு நீலமும் வெள்ளையும். அப்புறம் பழகிப் போச்சு. ஒவ்வொரு விசேஷத்துக்கும் ஒரு கலர்.

இதுல கவனிக்க வேண்டிய விஷயம், கலர் மாத்துறது அப்போ சுலபமான வேலை இல்லை. ஆட்கள் மேல போய், ஒவ்வொரு ஃப்ளட்லைட் முன்னாடியும் கலர் பிளாஸ்டிக் தகட்டைக் கையால மாட்டணும். மணிக்கணக்கா ஆகும். அதனால, இன்னிக்கு கலர் மாறியிருக்குன்னா ஏதோ காரணம் இருக்குன்னு ஊருக்குத் தெரியும். 1998ல பாடகர் ஃபிராங்க் சினாட்ரா இறந்தப்போ அவரோட நீலக் கண்களுக்காக நீலம். 2001 செப்டம்பர் 11க்கு அப்புறம் மாசக்கணக்கா தேசியக் கொடியின் நிறங்கள். 2004ல, பழைய கிங்காங் படத்து நாயகி ஃபே ரே இறந்தப்போ 15 நிமிஷம் விளக்கையே அணைச்சாங்க. எனக்குப் பிடிச்சது இந்தக் கடைசி ஒண்ணுதான்.

இப்படி முப்பது வருஷத்துக்கும் மேல ஊரோட சந்தோஷத்தையும் துக்கத்தையும் சொன்ன விளக்கு, ஒரு நாள் 'இது எங்க சொந்த விளக்கு'ன்னு சொன்னா எப்படி இருக்கும்?

2010 ஆகஸ்ட் 26, அன்னை தெரசாவின் நூறாவது பிறந்தநாள். அவங்க சேலைக் கரையை நினைவுபடுத்துற மாதிரி நீலமும் வெள்ளையும் போடுங்கன்னு கத்தோலிக்க லீக் என்கிற அமைப்பு விண்ணப்பம் போட்டது. நிராகரிச்சுட்டாங்க. கூச்சல் கிளம்பின பிறகு உரிமையாளர் ஆண்டனி மால்கின் விளக்கம் கொடுத்தார்: கட்டிடம் தனியார் சொத்து, மதத் தலைவர்களுக்கோ மத அமைப்புகளின் கோரிக்கைக்கோ விளக்குப் போடுறதில்லை, கிறிஸ்துமஸ், ஈஸ்டர், ரம்ஜான் மாதிரி பண்டிகைகளுக்கு மட்டும்தான்.

கேக்க நியாயமாத்தான் இருக்கு. ஆனா எதிர்த்தவங்க சும்மா இருப்பாங்களா, பழைய கணக்கைத் தோண்டினாங்க. 2000ல கார்டினல் ஓகானர் இறந்தப்போ சிவப்பு-வெள்ளை. 2005ல போப் இரண்டாம் ஜான் பால் இறந்தப்போ விளக்கை அணைச்சது. இவங்கல்லாம் மதத் தலைவர்கள் இல்லையா? அதுக்கும் மேல, 2009ல சீனக் கம்யூனிஸ்ட் ஆட்சியின் 60வது ஆண்டு விழாவுக்கு சிவப்பும் மஞ்சளும் போட்டு ஏற்கனவே வாங்கிக் கட்டியிருந்தாங்க. மாவோ வழி வந்த அரசுக்கு உண்டு, கல்கத்தா கன்னியாஸ்திரிக்கு இல்லையான்னு கேட்டா என்ன பதில் சொல்றது? நகர மன்ற உறுப்பினர்கள் சிலரும் கோரிக்கையை ஆதரிச்சாங்க. பிறந்தநாள் அன்னைக்குக் கட்டிட வாசலிலேயே கண்டனக் கூட்டம் நடந்தது. மால்கின் அசையலை.

தெரசா மேல விமர்சனம் வச்சிருக்கறவங்க நம்மில் உண்டு, அது தனி விவாதம். சட்டப்படி மால்கின் பக்கம்தான் நியாயம், அதுலயும் சந்தேகமில்லை. ஆனா 'தனியார் சொத்து'ங்கிற பதில் எனக்கு ஜீரணமாகலை. ஊர் துக்கப்பட்டப்போ எல்லாம் ஊரோட விளக்கு, ஊர் ஒண்ணு கேட்டா மட்டும் வீட்டு விளக்கா? விதி இதுன்னு முதல்லயே எழுதி வச்சு எல்லாருக்கும் ஒரே மாதிரி நடந்திருந்தா இவ்வளவு கோபம் வந்திருக்காது.

2012ல எல்இடி வந்தாச்சு. அதுவரை கையால மாட்டின நிறங்கள் பத்து, இப்போ 1.6 கோடிக்கும் மேல. நவம்பரில் பாடகி அலிசியா கீஸ் பாட்டுக்கு விளக்கு நடனமே ஆடிச்சு. அதே மாசம் ஒபாமா ஜெயிச்ச ராத்திரி கோபுரம் நீலமாச்சு. ரூஸ்வெல்ட் விளக்குக்குச் சரியா 80 வருஷம் கழிச்சு!

ஒரு கணினி இருந்தாப் போதும், நொடியில மாறிடும். அந்த வசதியே வினையாவும் ஆகும். 2023 ஜனவரி 29 அன்னைக்கு, கால்பந்துப் போட்டியில ஜெயிச்ச ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் அணிக்காகக் கட்டிடம் பச்சையா எரிஞ்சது. ஒரு வாரத்துக்கு முன்னாடிதான் அந்த ஈகிள்ஸ், நியூயார்க் ஜயன்ட்ஸை 38-7ன்னு துவைச்சு அனுப்பியிருந்தது. வெந்த புண்ணுல வேல்! ஊர்க்காரங்க விட்ட சாபம் கொஞ்சநஞ்சமில்லை. அன்னைக்கு ராத்திரியே இன்னொரு ஆட்டத்துல ஜெயிச்ச கன்சாஸ் சிட்டிக்காக சிவப்புக்கும் மாத்துனாங்க. அதுவும் வெளியூர் அணிதான்.