பெருவில் பிறக்காத "பெரு கள்ளி"

வீட்டு முற்றத்தில் கள்ளி வளர்ப்பது இப்போது நம்மூரில் நன்றாகப் பரவிவிட்டது. மதிலோரம் தூண் மாதிரி நிமிர்ந்து நிற்கும் உயரமான கள்ளிகளுக்குத்தான் கிராக்கி அதிகம். பெயர் கேட்டால் ஒருவர் "செரியஸ்" என்பார், இன்னொருவர் "பெரு கள்ளி" என்பார், வேறு சிலர் "சும்மா கள்ளிதான் சேர்" என்று முடித்துவிடுவார்கள். பெயரில் என்ன இருக்கிறது என்று விட்டுவிட முடியாது. இந்தப் பெயர்களுக்குப் பின்னால் சில நூற்றாண்டுக் குழப்பம் இருக்கிறது. அதற்குள் நம் பிள்ளைகளின் கண்பார்வை சம்பந்தப்பட்ட ஒரு விடயமும் இருக்கிறது. அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறோம், பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் நம்முடைய சொல்லிலிருந்தே தொடங்குவோம். "கள்ளி" என்ற சொல் சங்கப் பாடல்களிலேயே வருகிறது. ஆனால் கக்டஸ் குடும்பம் அமெரிக்கக் கண்டங்களுக்கு உரியது. 1492 இல் கொலம்பஸ் அங்கு போன பிறகுதான் தூண் கள்ளிகளும் நாகதாளியும் கடல் கடந்து வந்தன. அப்படியென்றால் சங்கப் புலவர்கள் பார்த்த கள்ளி எது? அது யூபோர்பியா என்ற வேறு இனம். மன்னார், அம்பாந்தோட்டை போன்ற வரண்ட பகுதிகளில் தானாக வளரும் சதுரக்கள்ளி அந்த இனத்தைச் சேர்ந்ததுதான். சிங்களத்தில் சதுரக்கள்ளியை "தளுக்" என்றும், பின்னால் வந்த நாகதாளியை "பத்தொக்" என்றும் பிரித்துச் சொல்கிறார்கள். நாமோ வந்தவர்களுக்கும் பழைய பெயரையே கொடுத்து, எல்லாவற்றையும் கள்ளி என்று அழைத்துவிட்டோம்.

இதில் ஒரேயொரு விதிவிலக்கு உண்டு. ரிப்சாலிஸ் பாக்சிபெரா என்ற கக்டஸ் அமெரிக்காவுக்கு வெளியே ஆபிரிக்காவிலும் நம் இலங்கைக் காடுகளிலும் இயற்கையாகவே வளர்கிறது. மரக்கிளைகளில் நூல் நூலாகத் தொங்கும். பார்த்தால் கக்டஸ் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

இனி தூண் கள்ளிகளுக்கு வருவோம். ஐரோப்பியர் இவற்றை முதலில் பார்த்தபோது அவர்களுக்கு நினைவுக்கு வந்தது மெழுகுதிரி. லத்தீனில் மெழுகுதிரியைக் குறிக்கும் "செரியஸ்" என்ற சொல்லையே பெயராக வைத்தார்கள். 1753 இல் சுவீடன் அறிஞர் லின்னேயஸ், தாம் அறிந்த 22 கள்ளி வகைகளையும் "கக்டஸ்" என்ற ஒரே இனத்துக்குள் அடக்கினார். அந்தச் சொல் உண்மையில் பண்டைக் கிரேக்கர் வேறொரு முட்செடிக்கு வைத்திருந்த பெயர். இதே லின்னேயஸ்தான் 1747 இல் நம் நாட்டுத் தாவரங்களைப் பற்றி "ப்ளோரா செய்லானிகா" என்ற நூலை எழுதியவர். இலங்கைக்கு வராமலேயே, ஒல்லாந்தர் காலத்தில் இங்கு வைத்தியராக இருந்த போல் ஹேர்மன் சேர்த்துக் கொண்டுபோன உலர்ந்த செடிகளை வைத்து எழுதினார்.

லின்னேயஸின் 22 வகைகளில் ஒன்றின் பெயர் "பெருவியானஸ்", அதாவது பெரு நாட்டுக்குரியது. இன்று இந்தப் பெயரில் உலகம் முழுவதும் விற்கப்படுபவை பெரும்பாலும் இரண்டு வகைகள். ஒன்று செரியஸ் ரெபாண்டஸ். அதன் ஊர் வெனிசுவேலாவும் குராசோ போன்ற தீவுகளும். மற்றது செரியஸ் ஹில்ட்மானியானஸ். அது தென் பிரேசில், உருகுவே பக்கத்துச் செடி. இரண்டுக்கும் பெரு சொந்த ஊர் அல்ல. ஒரு தவறான முகவரி 250 வருடங்களுக்கு மேலாகத் திருத்தப்படாமல் நம்மூர்ப் பூச்சாடி வரைக்கும் வந்துவிட்டது.

பெயர் வைத்தவர்கள் எல்லோரும் அந்த மண்ணின் மக்களைக் கேட்டு வைத்ததும் இல்லை. அரிசோனாவிலும் மெக்சிக்கோவின் சொனோராவிலும் வளரும் சகுவாரோதான் தூண் கள்ளிகளில் மிகப் பிரபலமானது. அதன் பழங்களைப் பறித்து உண்டு, அதன் காய்ந்த தண்டைக் கோலாகப் பாவித்து வாழ்ந்து வருபவர்கள் தொஹோனோ ஓதாம் மக்கள். ஆனால் 1908 இல் பிரிட்டன், ரோஸ் என்ற இரு தாவரவியலாளர்கள் அதற்குக் "கார்னிஜியா" என்று பெயரிட்டார்கள். உருக்குத் தொழிலில் செல்வந்தரான அன்ட்ரூ கார்னகியின் பெயர் அது. இந்த இருவரும் எழுதிய நான்கு பாக நூலை 1919 முதல் 1923 வரை வெளியிட்டதும் கார்னகியின் நிறுவனம்தான். ஆனாலும் அந்த நூலின் சேவை பெரியது. செரியஸ் என்ற ஒரே மூட்டைக்குள் கிடந்த தூண் கள்ளிகளைப் பல இனங்களாகப் பிரித்து, அடையாளம் காணும் வழியைக் காட்டியது அதுதான்.

நம் வீட்டில் நிற்பதை எப்படி அடையாளம் காண்பது?

1. முள் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். கக்டஸ் என்றால் முட்கள் ஒரு சிறிய பஞ்சுத் திட்டிலிருந்து கொத்தாக வரும். அதற்கு ஏரியோல் என்று பெயர். யூபோர்பியாவில் இந்தத் திட்டு இருக்காது, முள் பெரும்பாலும் சோடியாக நிற்கும்.

2. பூவைப் பாருங்கள். செரியஸ் இரவில் பெரிய வெள்ளைப் பூ பூத்து, காலையில் வாடிவிடும். பூவின் குழாய் வழுவழுப்பாக இருக்கும். ட்ரைக்கோசெரியஸ் என்றால் அந்தக் குழாயில் மயிர் அடர்ந்திருக்கும். "ட்ரைக்கோ" என்றாலே மயிர்தான்.

3. முள்ளின் எண்ணிக்கையை மட்டும் நம்பாதீர்கள். ஒரே செடியில் இளம் தண்டும் முதிர்ந்த தண்டும் வேறு வேறாக இருக்கும்.

முதலாவதை மட்டுமாவது பிள்ளைகளுக்குக் காட்டிக் கொடுங்கள். யூபோர்பியாவை வெட்டினால் வரும் வெள்ளைப் பால் தோலை எரிக்கும், கண்ணில் பட்டால் பார்வையையே பாதிக்கலாம். பட்டுவிட்டால் நிறையத் தண்ணீரால் தொடர்ந்து கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். கிளை வெட்டும்போது கையுறை போடுங்கள், சின்னப் பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

வளர்ப்பதில் நமக்கு எதிரி வெயில் அல்ல, மாரி மழை. தண்ணீர் தேங்கினால் வேர் அழுகிவிடும். செரியஸ் கிளையைச் சுத்தமான கத்தியால் வெட்டி, வெட்டுவாய் நன்றாகக் காயும் வரை இரண்டு வாரமளவில் நிழலில் வையுங்கள். பிறகு பருமணல், உடைத்த செங்கல், கொஞ்சம் கூட்டெரு கலந்து நடுங்கள். சாடியில் ஓட்டை இருக்க வேண்டும். வேர் பிடித்த பிறகு தண்ணீர் போதும். மாரியில் தாழ்வாரத்துக்குள் எடுத்து வையுங்கள்.

வாங்கும்போது ஒரு கேள்வி கேளுங்கள்: இது விதையிலோ கிளையிலோ வளர்த்ததா, காட்டில் பிடுங்கியதா? சகுவாரோ முதல் எட்டு வருடத்தில் ஒன்றரை அங்குலம் கூட வளராது. கை விட ஐம்பது வருடத்துக்கு மேல் எடுக்கும். அதையும் திருடுகிறார்கள் என்பதால், அமெரிக்காவின் சகுவாரோ தேசியப் பூங்காவில் கள்ளிகளுக்குள் மைக்ரோசிப் வைத்திருக்கிறார்கள். 1975 இல் நடைமுறைக்கு வந்த சைட்டீஸ் உடன்படிக்கையும் கக்டஸ் வகைகளின் சர்வதேச வியாபாரத்தைக் கட்டுப்படுத்துகிறது.

கடைசியாக ஒரு வேலை. ஒவ்வொரு சாடியிலும் ஒரு சிறு பலகை குத்தி, செடியின் பெயர், யாரிடம் வாங்கியது, எந்த வருடம் என்று எழுதி வையுங்கள். பெயர் தெரியாவிட்டால் அந்த இடத்தை வெறுமையாக விடுங்கள். பிழையான பெயரை விட வெறும் பலகை நல்லது. தெரியாத செடியின் முள்ளையும் பூவையும் கிட்டத்தில் படம் எடுத்துக் கீழே போடுங்கள், சேர்ந்து பார்ப்போம், இன்ஷா அல்லாஹ்.