கடிதம் சேர்த்த கர்னல் அம்மையார்

ஊரை விட்டு வெகு தொலைவில் வாழும் குடும்பத்தாருக்குக் கடிதத்தின் அருமையை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. வீடுதோறும் தொலைபேசி வருமுன், தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டதும் நம் தாய்மார்கள் வாயிலுக்கு விரைந்த காட்சி, நாற்பதைக் கடந்த நம் போன்றோர் நெஞ்சினின்று இன்னும் அகலவில்லை. பத்து நாள் கடிதம் வாராவிடில், பதினோராம் நாள் உலை வைக்கவும் அவர்களுக்கு மனம் வாராது.

அவ்வாறாயின், போர்முனையில் நிற்கும் வீரனுக்கு மாதக்கணக்கில் வீட்டுக் கடிதம் வாராதிருந்தால் அவன் நிலை என்னாகும்? 1945-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஐரோப்பாவிலிருந்த அமெரிக்கப் படையினர் பலர் அந்நிலையில் வாடினர். அவ்வாட்டத்தைத் தீர்த்த பெண்மணி ஒருவரின் வரலாற்றை ஈண்டு நினைவுகூர விழைகின்றோம்.

அவர் பெயர் சேரிட்டி ஆடம்ஸ். அன்பு, ஈகை என்று பொருள்படும் பெயர் அது. 1918-ஆம் ஆண்டு டிசம்பர் 5-ஆம் நாள் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் பிறந்து, தென் கரோலினாவின் கொலம்பியா நகரில் வளர்ந்தார். தந்தையார் கறுப்பின மக்களின் மெதடிஸ்ட் திருச்சபையொன்றின் போதகர், தாயார் ஆசிரியை. மக்கள் நால்வரில் இவரே மூத்தவர். கறுப்பினத்தார்க்குத் தனிப் பள்ளி, தனி இருக்கை என்றிருந்த அக்காலத்தில், கல்வியும் இறைப்பற்றும் தன்மதிப்புமே அவ்வீட்டின் செல்வங்களாயிருந்தன. அத்திருச்சபையின் ஆதரவில் இயங்கிய வில்பர்போர்ஸ் பல்கலைக்கழகத்தில் 1938-இல் பட்டம் பெற்று, கணிதமும் அறிவியலும் கற்பிக்கும் ஆசிரியையானார்.

1942-இல் பெண்களுக்கெனத் துணைப்படை அமைக்கப்பட்டபோது அம்மையார் அதிற் சேர்ந்தார். அப்படையில் அதிகாரியாக நியமனம் பெற்ற முதல் கறுப்பினப் பெண்மணி இவரே. 1945 பிப்ரவரியில், 6888-ஆவது அஞ்சற் படைப்பிரிவின் தலைவியாக இங்கிலாந்திலுள்ள பர்மிங்காம் நகரை அடைந்தார். அவர்கீழ்ப் பணியாற்றிய பெண்கள் 855 பேர்.

அங்கே அவர்கள் கண்ட காட்சி யாரையும் மலைக்கச் செய்யும். வெப்பமூட்டும் வசதியற்ற கிடங்குகள். விமானத் தாக்குதலுக்கு அஞ்சி மறைக்கப்பட்ட சன்னல்கள். கூரையை எட்டும் அஞ்சற் குவியல்கள். கிறிஸ்துமசுக்கென அன்னையர் அனுப்பிய பலகாரங்களை எலிகள் தின்று கொண்டிருந்தன. தேங்கிக் கிடந்தவை சுமார் 1 கோடியே 70 லட்சம் உருப்படிகள்! இவற்றைத் தீர்க்க ஆறு மாதம் தவணை தரப்பட்டது.

அம்மையார் இரவு பகலாக எட்டு மணி நேர முறைகள் மூன்றை ஏற்படுத்தினார். சுமார் 70 லட்சம் விவர அட்டைகள் வைத்துப் பேணப்பட்டன. ராபர்ட் ஸ்மித் என்ற பெயருடையோர் மட்டும் ஏறத்தாழ 7,500 பேர்! ஒவ்வொருவரையும் படை எண் கொண்டே பிரித்தறிந்தனர். ஒரே பெயருடைய ஊழியர் பலரைச் சேமநிதி எண்ணால் இனங்காணும் இரயில்வே அலுவலகத்தில் நாளும் உழலும் நமக்கு, இவ்வேலையின் கடுமை நன்கு விளங்குகின்றது. சில உறைகளில் வீட்டார் அழைக்கும் செல்லப்பெயர் மட்டுமே இருந்தது. அவற்றையும் அவர்கள் தள்ளிவிடவில்லை. பெறவேண்டியவன் மாண்டிருந்தால், அக்கடிதத்தைத் திருப்பியனுப்பும் துயரப் பணியும் அவர்களுடையதே. ஒரு முறைக்குச் சுமார் 65,000 உருப்படிகள் வீதம் உழைத்து, ஆறு மாத வேலையை மூன்றே மாதத்தில் முடித்தனர்.

ஒருநாள் பார்வையிட வந்த ஜெனரல் ஒருவர், அணிவகுப்பில் எல்லாப் பெண்களும் ஏன் நிற்கவில்லை என்று சினந்தார். இரவு முறையினர் உறங்குகின்றனர் என்ற விடை அவருக்குப் போதவில்லை. படையை நடத்தும் விதத்தைக் கற்பிக்க வெள்ளைக்கார அதிகாரி ஒருவரை அனுப்புவதாக மிரட்டினார். “என் பிணத்தைத் தாண்டித்தான் அது நடக்கும், ஐயா” என்றார் அம்மையார். ஜெனரல் இராணுவ விசாரணைக்கு ஏற்பாடு செய்யவே, இனத்தைச் சுட்டி இழித்துப் பேசியதற்காக அவர்மேல் எதிர்க்குற்றம் சாட்ட அம்மையாரும் ஆயத்தமானார். ஜெனரல் பின்வாங்கினார். இலண்டனில் செஞ்சிலுவைச் சங்கம் கறுப்பினப் பெண்களுக்கெனத் தனி விடுதி அமைத்தபோதும், அங்கே தங்கலாகாது எனத் தம் பெண்களிடம் எடுத்துரைத்தார்.

பின்னர் அப்படைப்பிரிவு பிரான்சின் ரூவான் நகருக்குச் சென்றது. அங்கே 1945 ஜூலையில் வண்டி விபத்தொன்றில் பெண்கள் மூவர் மாண்டனர். அடக்கச் செலவுக்கு அரசாங்கப் பணம் வாராதபோது, தோழியர் தம் ஊதியத்திலிருந்து பொருள் திரட்டி அவர்களை முறைப்படி அடக்கம் செய்தனர். பெற்றோர் அருகில் இல்லாத அயல்மண்ணில் உடன்பணி செய்தோரே உற்றாராயினர். தொலைவூரில் ஒரு சாவு நேர்ந்தால் பக்கத்து வீட்டாரே தோள் கொடுப்பதை நாம் அறியோமா?

லெப்டினென்ட் கர்னலாக உயர்ந்த அம்மையார், 1946-இல் படையினின்று விடைபெற்றார். 1949-இல் ஸ்டான்லி எர்லி என்பாரை மணந்தார். கணவர் மருத்துவம் பயின்ற சூரிச் நகருக்கு உடன்சென்று, ஜெர்மன் மொழியைக் கற்றுக் குடித்தனம் நடத்தினார். பின்னர் ஒகையோ மாநிலத்தின் டேட்டன் நகரில் நிலைபெற்று, மகன் ஒருவரையும் மகள் ஒருவரையும் வளர்த்து ஆளாக்கினார். இன வேறுபாடு காட்டியபோது எதிர்த்த அதே செஞ்சிலுவைச் சங்கத்தின் ஆட்சிக் குழுவிற் பின்னாளில் அமர்ந்து நகருக்குத் தொண்டு புரிந்தார். பகையுணர்ச்சி அவர் உள்ளத்தில் தங்கவில்லை. 2002 ஜனவரி 13-ஆம் நாள் மறைந்தார்.

போர் முடிந்து திரும்பியபோது அப்பெண்களுக்கு விழாவோ வரவேற்போ இல்லை. அமெரிக்க நாடாளுமன்றத்தின் தங்கப் பதக்கம் அப்படைப்பிரிவுக்கு 2022-இல்தான் வழங்கத் தீர்மானிக்கப்பட்டது. அதற்குள் பெரும்பாலோர் மண்ணில் மறைந்து விட்டனர். 2023-இல் வர்ஜீனியாவின் படைத்தளம் ஒன்றுக்கு இவர் பெயர் இணைத்துச் சூட்டப்பட்டது. 2025-இல் அப்பெயரும் நீக்கப்பட்டது.

பெயர்ப்பலகையை எழுதுவோரும் அழிப்போரும் அரசினரே. ஆயின், மகன் உயிரோடிருக்கின்றான் என்று ஒரு தாய் அறிந்த அந்த நாளை யார் அழிக்க இயலும்? தம்மைச் சமமாக நடத்தாத நாட்டின் குடும்பங்களை, நிறம் பாராது, கடிதத்தால் இணைத்து வைத்தனர் அப்பெண்கள். உறவைக் காப்பதும் ஒரு வீரமே என்பதை இவ்வம்மையார் வாழ்க்கை நமக்கு உணர்த்துகின்றது. இம்மலரை வாசித்து முடித்ததும், ஊரிலிருக்கும் பெரியோர்க்கு நான்கு வரி எழுதுவோமாக.