வண்டலும் பருவமும்: நைல், மீகாங் ஆறுகளை முன்வைத்து ஒரு வாதம்

முன்னுரை

பேராறுகளால் மக்கள் பெறும் பயனை மதிப்பிட நாம் பெரும்பாலும் ஒரே அளவையைத்தான் கையாள்கிறோம்: ஆண்டுக்கு எத்தனை கன மீட்டர் நீர் என்பது. நாடுகளுக்கிடையே ஒப்பந்தங்கள் அந்த அளவையில்தான் எழுதப்படுகின்றன. பாசனத்துக்கும் மின்சாரத்துக்கும் பயன்படாமல் கடலுக்குப் போகும் நீர் வீண் என்ற முடிவும் இந்தக் கணக்கில் பிறந்ததுதான். ஆனால் ஆறு நீரை மட்டும் கொண்டுவருவதில்லை. கூடவே வண்டலும் வருகிறது. வெள்ளம் ஒரு பருவத்தில் பெருகி இன்னொரு பருவத்தில் வடிகிறது. இவ்விரண்டும் கணக்கில் ஏறாதபோது, இவற்றை நம்பி வாழும் உழவரும் மீனவரும் கணக்கிலிருந்து விடுபட்டுப் போகிறார்கள் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

நைல்: அளக்கப்பட்ட வெள்ளமும் பங்கிடப்பட்ட நீரும்

எகிப்தை அடையும் நைல் நீரில் ஏறத்தாழ 85 விழுக்காடு எத்தியோப்பிய மேட்டுநில மழையால் வருவது. தானா ஏரியிலிருந்து இறங்கும் நீல நைலும், சூடானில் வந்து சேரும் அட்பரா ஆறும் எரிமலைப் பாறை மண்ணை அரித்துக்கொண்டு வருகின்றன. பண்டை எகிப்தியர் ஆண்டை வெள்ளம், விதைப்பு, அறுவடை என மூன்று பருவங்களாகவே பகுத்திருந்தனர்.

கெய்ரோவின் ரோடா தீவில், கி.பி. 861-இல் அப்பாசியக் கலீபா அல்-முத்தவக்கில் காலத்தில் கட்டிய வெள்ளமானி இன்றும் நிற்கிறது. ஆழமான கிணறு, நடுவே எண்கோணப் பளிங்குத் தூண், அதில் முழக்கணக்கில் கோடுகள். ஆற்றில் வெள்ளம் ஏற ஏற, சுரங்கவழியாகக் கிணற்றிலும் நீர் ஏறும். 16 முழத்தை எட்டினால் விளைச்சல் உறுதி. வெகுவாகக் குறைந்தால் பஞ்சம். மிஞ்சினால் கரை உடையும். நிலவரியும் அந்தக் கோட்டை ஒட்டியே அமைந்தது. அன்றைய அரசு அளந்தது அவ்வாண்டு வெள்ளத்தின் தன்மையை.

1959-இல் எகிப்தும் சூடானும் செய்துகொண்ட ஒப்பந்தம் வேறு வகையானது. ஆண்டு வரத்தை 8,400 கோடி கன மீட்டர் எனக் கொண்டு, எகிப்துக்கு 5,550 கோடி, சூடானுக்கு 1,850 கோடி, ஆவியாவதற்கு 1,000 கோடி என அது வகுத்தது. நீர் பிறக்கும் எத்தியோப்பியாவுக்கு அதில் இடமில்லை. பங்கிடப்பட்டதும் நீர் மட்டுமே.

அஸ்வான் உயர் அணையின் வேலை 1960-இல் தொடங்கி 1970-இல் முடிந்தது. 1980-களின் கொடிய வறட்சியில் எகிப்தைக் காத்தது இந்த அணையில் தேங்கிய நீரே. அந்த நன்மையைக் குறைத்துச் சொல்ல இயலாது. ஆனால் 1964 முதல் வெள்ளமும் வண்டலும் அணைக்குப் பின்னே நின்றுவிட்டன. முன்பு வண்டலில் பெரும்பங்கு வயலில் படியாமல் கடலுக்கே போனது. கணக்குப்படி அது வீண். உண்மையில் அந்த வெள்ளம் கொண்டுசென்ற சத்துகளால் கழிமுகக் கடலில் மிதவை நுண்ணுயிர்கள் பெருகின. அவற்றை உண்ண மத்திக் கூட்டங்கள் வந்தன. 1962-இல் 18,000 டன் அளவிலிருந்த எகிப்தின் மத்திப் பிடிப்பு, அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் ஆயிரம் டன்னுக்கும் கீழே சரிந்தது. மீன்வளம் பின்னர் ஓரளவு மீண்டதற்கு வயல் உரமும் நகரக் கழிவுநீரும் கடலில் கலந்ததே காரணம் என ஆய்வாளர் சிலர் கருதுகின்றனர். நைல் கழிமுகத்தின் ரஷீத் முனையில் முன்பே தொடங்கியிருந்த கடலரிப்பும், அணைக்குப் பின் வேகமெடுத்தது.

மீகாங்: திசை மாறும் ஆறு

கம்போடியாவின் தோன்லே சாப் ஏரி கோடையில் சுமார் 2,500 சதுர கிலோமீட்டர் பரப்பில் கிடக்கும். மழைக்காலத்தில் மீகாங் பெருகும்போது, ஏரியிலிருந்து புனோம் பென் நோக்கி ஓடி மீகாங்கில் சேரும் தோன்லே சாப் ஆறு திசை மாறி ஏரிக்குள் பாய்கிறது. ஏரி 15,000 சதுர கிலோமீட்டர் வரை விரிந்து சுற்றியுள்ள காடுகளை மூழ்கடிக்கிறது. மீன்குஞ்சுகள் மேய்ந்து வளர்வது அந்த மூழ்கிய காட்டில்தான்.

வெள்ளம் வடியும்போது மீன்கள் ஏரியை விட்டு ஆற்றில் இறங்குகின்றன. ஆற்றின் குறுக்கே வரிசையாகக் கட்டிய கூம்பு வடிவப் பைவலைகள் அவற்றுக்காகக் காத்திருக்கும். டிசம்பர், ஜனவரி மாதங்களில் முழுநிலவுக்கு முந்தைய சில நாள்களில்தான் பிடிப்பு உச்சத்தில் இருக்கும். அந்த நாள்களில் உழவர் குடும்பங்கள் கரைக்கு வந்து பொடிமீனை மொத்தமாக வாங்கி, தலை கிள்ளி, மிதித்து அலசி, உப்பிட்டு, சாடிகளில் அடைக்கின்றன. பிரஹோக் என்னும் அந்த மீன்விழுதுதான் ஆண்டு முழுதும் ஏழை வீட்டுச் சோற்றுக்குத் துணை.

சீனப் பகுதியிலும் லாவோசிலும் எழுந்த நீர்மின் அணைகள் மழைக்காலத்தில் நீரைத் தேக்கிக் கோடையில் திறந்துவிடுகின்றன. ஆண்டு மொத்த நீர் ஏறக்குறைய அதே அளவில்தான் வருகிறது. கோடையில் நீர் கூடுவது நன்மையே என்றும் அணைகளை ஆதரிப்போர் வாதிடுகின்றனர். கன மீட்டர்க் கணக்கில் அது சரி. ஆனால் ஏரியை விரியச் செய்வது மழைக்கும் கோடைக்கும் இடையிலுள்ள ஏற்றத்தாழ்வு. அது சுருங்கினால் மூழ்கும் காடும் சுருங்கும், மீனும் குறையும். கடும் வறட்சி நிலவிய 2019-இல் ஆறு திசை மாறுவதே தாமதமானது. வண்டலின் நிலையும் இதுதான்: 1990-களில் ஆண்டுக்குச் சுமார் 16 கோடி டன் என மதிப்பிடப்பட்டது, இன்று பாதிக்கும் கீழ். வியட்நாமின் நெல்லில் பாதிக்கு மேல் விளையும் கழிமுகம், வண்டல் குறைவாலும் மணல் கொள்ளையாலும் நிலத்தடி நீரை உறிஞ்சுவதாலும் தாழ்ந்து, உப்புநீருக்கு இடம் கொடுக்கிறது.

மாற்று வழி உண்டா?

உண்டு. லாவோஸ், தாய்லாந்து, கம்போடியா, வியட்நாம் ஆகியவை 1995-இல் செய்த மீகாங் ஒப்பந்தத்தின் 6-ஆம் பிரிவு, மழைக்காலத்தில் தோன்லே சாப் ஆறு இயல்பாகத் திசை மாறுவதற்குப் போதிய நீரோட்டத்தைப் பேண வேண்டும் என்கிறது. ஆற்றின் பருவத்தையே சட்டமாக்கிய அரிய விதி அது. சீனாவும் மியான்மரும் உறுப்பினராக இல்லாததால் அதன் வலு குறைகிறது. விதியின் நியாயம் குறையவில்லை. கொலராடோ ஆற்றில் அமெரிக்காவும் மெக்சிகோவும் தம் 1944 உடன்படிக்கையின் கீழ் ஏற்பாடு செய்து, 2014-இல் வறண்ட கழிமுகத்துக்கென்றே ஒரு செயற்கை வெள்ளத்தைத் திறந்துவிட்டன. நீர் மீண்டும் கடலைத் தொட்டது.

முடிவுரை

நீல நைலின் குறுக்கே எத்தியோப்பியா கட்டிய மறுமலர்ச்சி அணை 2025-இல் திறக்கப்பட்ட பின்னும், நைல் பற்றிய வழக்கு எவருக்கு எவ்வளவு நீர் என்பதைச் சுற்றியே நிற்கிறது. இனி எழுதப்படும் எந்த ஆற்று ஒப்பந்தமும் நீரின் அளவு, வெள்ளத்தின் காலம், வண்டலின் எடை ஆகிய மூன்றையும் பதிவுசெய்ய வேண்டும். கழிமுக மீனவருக்கும் உழவருக்கும் பேச்சுவார்த்தையில் இடம் வேண்டும். இழப்பு முதலில் விழுவது அவர்கள் தலையில். கடலுக்குப் போகும் நீரை வீண் என்று சொல்வதற்கு முன், அது வழியில் யாருக்குச் சோறு போடுகிறது என்று கேட்பது அரசுகளின் கடமை.