பறவையின் காலில் ஒரு வளையம்

சாந்தோம் கடற்கரைக்குத் தெற்கே அடையாற்றின் கழிமுகம் இருக்கிறது. குளிர்காலத்தில் அங்கே வந்திறங்கும் வலசைப் பறவைகள் நாடுகளின் எல்லையை அறியா. அவற்றின் உடலில் ஒட்டிவரும் உண்ணிகளும் அறியா. இவ்வெளிய உண்மை இந்திய அறிவியல் வரலாற்றில் ஒரு பெரும் பூசலுக்கு வித்திட்டது.

1957ஆம் ஆண்டு, அன்றைய மைசூர் மாநிலத்தின் சிமோகா மாவட்டத்தில், கியாசனூர் காட்டை ஒட்டிய ஊர்களில் மக்கள் கடுங்காய்ச்சலுக்கு ஆளாயினர். அதே வேளையில் காட்டுக் குரங்குகளும் செத்து விழுந்தன. பூனாவிலிருந்த வைரஸ் ஆராய்ச்சி நிலையத்தார் இரண்டையும் இணைத்து நோக்கினர். மனிதரிடத்தும் குரங்கிடத்தும் காட்டு உண்ணியிடத்தும் ஒரே கிருமி காணப்பட்டது. அது ருஷ்ய நாட்டு மூளைக்காய்ச்சல் கிருமிக்கு நெருங்கிய உறவு என்பதும் தெரிந்தது. எனில், சைபீரியப் பறவைகள் அதனைக் கொணர்ந்திருக்குமோ என்ற ஐயம் எழுந்தது.

இதற்கு விடை காண ஒரு நாட்டின் ஏடுகள் மட்டும் போதா. ஆகவே உலக சுகாதார நிறுவனத்தின் துணையோடு, பறவையியல் அறிஞர் சாலிம் அலியின் தலைமையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பறவைகளுக்கு வளையமிடும் பணியை மேற்கொண்டது. எண் பொறித்த ஒவ்வொரு வளையத்திலும் பம்பாய்க்குத் தெரிவிக்குமாறு ஒரு வேண்டுகோள் இருந்தது. பனிப்போர் நிலவிய அந்நாளிலும் சோவியத் மண்ணிலிருந்து தகவல்கள் வந்தன. பறவைகளே நோயைக் கொணர்ந்தன என்பது மெய்ப்பிக்கப்படவில்லை. எனினும் அவற்றின் வழித்தடங்கள் துலங்கின.

பின்னர் அப்பணிக்கு அமெரிக்க இராணுவம் சார்ந்த ஆய்வுத் திட்டம் ஒன்றின் உதவியும் கிட்டியது. இது கிருமிப் போருக்கான ஆயத்தமோ என்ற குற்றச்சாட்டு 1970களில் எழுந்தது. நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழுவும் இத்தகைய அயல்நாட்டுக் கூட்டாய்வுகளை ஆராய்ந்தது. கழகம் குற்றச்சாட்டை மறுத்தது. ஆயினும், நம் காட்டின் செய்தி யார் கைக்கு, எதற்காகச் செல்கிறது என்ற வினா அம்மறுப்போடு முடிந்துவிடவில்லை.

2007இல் இந்தோனேசியா அதே வினாவை வேறு வடிவில் எழுப்பியது. தன் நோயாளிகளிடமிருந்து பெற்ற பறவைக் காய்ச்சல் கிருமியைக் கொண்டு பிறர் செய்யும் தடுப்பூசி தன் மக்களுக்கு எட்டாது என்று கூறி, மாதிரிகளை அனுப்ப மறுத்தது. அதன் விளைவாக 2011இல், மாதிரியையும் பயனையும் ஒருசேரப் பகிர்வதற்கான சட்டகத்தை உலக நாடுகள் ஏற்றன. ஆனால் அது பெருந்தொற்றாகக் கூடிய இன்ஃபுளுவென்சா கிருமிகளுக்கு மட்டுமே உரியது. 2025 மே மாதம் ஏற்கப்பட்ட பெருந்தொற்று உடன்படிக்கையோ, இப்பொருளைத் தனிப் பிற்சேர்க்கைக்கு ஒத்திவைத்தது.

செய்தியை மறைப்பவன் அண்டை வீட்டானின் உயிரைப் பணயம் வைக்கிறான். பெற்ற செய்தியைத் தன் ஆதாயத்துக்கே பயன்படுத்துபவன் அமானிதத்தை மோசம் செய்கிறான். முதலாவதை மட்டும் குற்றமென்று கூறி இரண்டாவதற்குக் கண்மூடும் ஏற்பாடு நிலைக்காது. கியாசனூர் நோயோ சிமோகாவில் நின்றுவிடவில்லை. பிற்காலத்தில் நீலகிரியிலும் வயநாட்டிலும் தலைகாட்டியது. மூன்று மாநிலங்கள் கூடும் அக்காட்டில் ஒரு குரங்கு மடிந்தால், அச்செய்தி மூன்று மாநில மருத்துவர்களையும் அன்றே எட்டியாக வேண்டும். நாடுகளுக்கிடையே நாம் வேண்டும் நம்பிக்கையை முதலில் அங்கே நிலைநாட்டுவதே முறை.