டக்காரில் இருந்து தெல்தோட்டை வரை: ஒரு பழைய ட்ரெயில் பைக்கின் பெறுமதி

அட்வென்ஜர் பைக் என்றால் வெளிநாட்டில் 1000 சிசியில் பேச்சைத் தொடங்குவார்கள். கண்டியில நம்ம பேச்சு பெரும்பாலும் 250 சிசியோட முடிஞ்சிடும். சேரோ, பஜா, ஜெபல், டிடபிள்யூ. ஜப்பானில் இன்னொருவர் ஓட்டிய வண்டிகள்தான் நமக்குப் பெரிய பைக். இதற்குக் காசு மட்டும் காரணம் இல்லை.

1979 ஜனவரியில் முடிந்த முதலாவது பாரிஸ்–டக்கார் ஓட்டத்தில் வென்றது யமஹா எக்ஸ்டி 500. ஒற்றைச் சிலிண்டர் வண்டி. 1980இல் பிஎம்டபிள்யூ ஆர்80 ஜி/எஸ் வந்தது, கிட்டத்தட்ட 800 சிசி. அடுத்த வருஷமே டக்காரிலும் வென்றது. 1988இல் ஹொண்டா ஆப்பிரிக்கா ட்வின். அதற்குப் பிறகு இந்த வகை வண்டி வளர்ந்துகொண்டே போய், இப்போது பல மாடல்கள் 200 கிலோவைத் தாண்டிவிட்டன.

ஜப்பானில் கதை வேற. அங்கே 250 சிசி வரையான பைக்குக்கு 'ஷாகென்' என்ற கட்டாயப் பரிசோதனை இல்லை. அதனால் அந்த அளவில் நல்ல வண்டிகள் நிறைய உருவாகின. 1985இல் வந்த யமஹா சேரோ அதில் ஒன்று. சேரோ என்பது மலையில் ஏறும் ஒரு விலங்கின் பெயர். இந்த வண்டிகள்தான் பாவித்த பின் நம்ம மலைக்கும் வந்தன.

ஹுன்னஸ்கிரியவில் இருந்து மீமுரேக்கு இறங்கும் பாதையையும், தெல்தோட்டைப் பக்கத்துத் தோட்டப் பாதைகளையும் பார்த்தால் பொருத்தம் விளங்கும். வளைவில் கால் ஊன்றி வண்டியைத் திருப்ப வேண்டிய இடத்தில் எடைதான் முதல் கணக்கு. சேரோ மெலிசு, உயரம் குறைவு. பஜாவின் இரட்டை விளக்கு பனிமூட்டத்துக்கு உதவும், ஆனா உயரம். ஜெபல் 250 எக்ஸ்சிக்கு 17 லீட்டர் டாங்கி. டிடபிள்யூவின் அகலமான பின் டயர் சேற்றுக்கு நல்லம். தேய்ந்தால் அதே அளவில் இன்னொன்றைத் தேடி அலையணும்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்குக் கதவு திறந்தது 2025 பெப்ரவரியில். இடைப்பட்ட காலத்தில் இருந்த வண்டிகளே கைமாறின, விலையும் ஏறியது. 2022இல் கியூஆர் முறை வந்தபோது பைக்குக்குக் கிழமைக்கு 4 லீட்டர். 17 லீட்டர் டாங்கியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அந்த வருஷம் குறைவாகக் குடிக்கிற எஞ்சினுக்குத்தான் மரியாதை.

தட்டுப்பாடு இன்னொன்றையும் வளர்த்தது: உதிரியாகக் கொண்டுவந்து பூட்டி, வேறொரு வண்டியின் புத்தகத்தில் ஓடும் பைக்குகள். பொலிஸ் பிடித்தால் வண்டியும் போகும், காசும் போகும். சீட்டுப் போட்டுச் சேர்த்த பணத்தில் வாங்குகிற தோட்டத்துப் பொடியனுக்கு அது இரண்டு மூன்று வருஷச் சம்பாத்தியம்.

ஆகவே ஒப்பிடும்போது சிசியைக் கடைசியில் பாருங்க. முதலில் எஞ்சின் நம்பரும் செஸி நம்பரும் புத்தகத்தோடு ஒத்துப்போகுதா, நம்பர் அடித்த இடத்தில் உரசலோ வெல்டிங்கோ இருக்கா என்று பாருங்க. பிறகு, புத்தகத்தில் பெயர் உள்ளவர்தான் விற்கிறாரா, இல்லை 'ஓப்பன் பேப்பரா'? மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் உடைமை மாறும் வரைக்கும் அது உங்கள் வண்டி இல்லை. அதற்குப் பிறகு பாகம், எடை, உயரம்.

பழைய பைக் வாங்கும்போது அதன் வரலாற்றையும் சேர்த்துத்தான் வாங்குகிறோம். டக்கார் வெற்றி விளம்பரத்துக்கு உதவும். நம்ம காசைக் காப்பாற்றுவது அந்தச் சின்னப் புத்தகம்தான்.