எய்ட்ஸ் அமெரிக்க ஆய்வகத்தில் உருவானதா? டெல்லி பத்திரிகையில் கிளம்பிய கதையும் ரத்த மாதிரிகள் சொன்ன பதிலும்

'எய்ட்ஸ் கிருமியை அமெரிக்காக்காரன்தான் ஆய்வகத்துல செஞ்சு பரப்பிவிட்டான்.' டீக்கடையிலோ வாட்ஸ்ஆப் குழுவிலோ இந்தப் பேச்சை நீங்கள் ஒருமுறையாவது கேட்டிருப்பீர்கள். கொரோனா வந்தபோது இதே கதை நாட்டின் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டு மறுபடியும் சுற்றியது. ஆனால் எய்ட்ஸ் பற்றிய அந்தக் கதை முதலில் அச்சேறியது இந்தியாவில்தான், அதுவும் தலைநகர் டெல்லியில் என்பது பலருக்குத் தெரியாது.

பெயரில்லாத ஒரு கடிதம்

1983 ஜூலையில் டெல்லியிலிருந்து வெளிவந்த 'பேட்ரியாட்' என்ற ஆங்கில நாளிதழ் ஒரு கடிதத்தை வெளியிட்டது. எழுதியவர் யார் என்று இல்லை. பிரபலமான அமெரிக்க விஞ்ஞானி, மானுடவியலாளர் என்று மட்டும் இருந்தது. மேரிலாந்து மாகாணத்தில் உள்ள ஃபோர்ட் டெட்ரிக் ராணுவ ஆய்வு மையத்தில் எய்ட்ஸ் உருவாக்கப்பட்டது, அடுத்து இந்தச் சோதனைகள் பாகிஸ்தானுக்கு மாறப்போகின்றன, இந்தியாவுக்கும் ஆபத்து என்றது அந்தக் கடிதம். பாகிஸ்தானை உள்ளே இழுத்ததுதான் சாமர்த்தியம். அந்த ஒரு சொல் போதாதா நம்மூரில்?

அப்போது இந்தியாவில் ஒருவருக்குக்கூட எச்.ஐ.வி கண்டறியப்பட்டிருக்கவில்லை. பாரிஸ் பாஸ்டர் நிறுவன விஞ்ஞானிகள் இந்த வைரஸைப் பிரித்தெடுத்ததாக அறிவித்தே இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது.

கடிதத்துக்குப் பின்னால் இருந்தது சோவியத் உளவு அமைப்பான கேஜிபி. கதை இரண்டு ஆண்டுகள் சும்மா கிடந்தது. 1985 செப்டம்பரில் பல்கேரிய உளவுத்துறைக்கு கேஜிபி ஒரு தந்தி அனுப்பி, இந்தப் பிரசாரத்துக்கு உதவி கேட்டது. அடுத்த மாதமே மாஸ்கோவின் 'லித்தரத்துர்னயா கஸேத்தா' வார இதழ் அதே குற்றச்சாட்டை எழுதியது. ஆதாரம் என்ன தெரியுமா? மதிப்புக்குரிய ஓர் இந்திய நாளிதழ் சொல்லியிருக்கிறது என்பதுதான். தாங்களே விதைத்ததை, இந்தியாவில் முளைத்த செடி என்று காட்டினார்கள். கிழக்கு ஜெர்மனியைச் சேர்ந்த உயிரி இயற்பியலாளர் யாக்கோப் செகல் இதற்கு அறிவியல் சட்டை மாட்டிவிட்டார். ஆட்டைத் தாக்கும் விஸ்னா வைரஸையும் மனிதரைத் தாக்கும் இன்னொரு வைரஸையும் ஒட்டவைத்து எச்.ஐ.வி செய்யப்பட்டது என்றார். சில ஆண்டுகளில் கதை உலகின் பல டஜன் நாடுகளைச் சுற்றிவந்தது. 1992-ல் ரஷ்ய வெளிநாட்டு உளவுத்துறைத் தலைவர் யெவ்கெனி ப்ரிமகோவ், இதன் பின்னணியில் சோவியத் உளவுத்துறை இருந்ததை ஒப்புக்கொண்டார்.

நம்பியவர்களை முட்டாள்கள் என்று தள்ளிவிடவும் முடியாது. 1970-களில் டெல்லியில் உலக சுகாதார நிறுவனமும் ஐ.சி.எம்.ஆரும் சேர்ந்து, அமெரிக்க நிதியில், கொசு மரபணுக் கட்டுப்பாட்டு ஆய்வு மையம் ஒன்றை நடத்தின. இது உயிரியல் ஆயுத ஆராய்ச்சிக்கான முகமூடி என்று பத்திரிகைச் செய்திகள் வந்தன, நாடாளுமன்றக் குழு விசாரித்தது, 1975-ல் மையம் மூடப்பட்டது. அந்தச் சந்தேகம் ஆறாத மண்ணில்தான் 1983 கடிதம் விழுந்தது.

சரி, அது ஏன் பொய்?

நேரடியான பதில் காலக்கணக்கில் இருக்கிறது. 1959-ல் காங்கோவின் லியோபோல்ட்வில் நகரில், அதாவது இன்றைய கின்ஷாசாவில், எடுத்துவைக்கப்பட்ட ஒருவரின் ரத்தத்தில் எச்.ஐ.வி இருந்தது பின்னாளில் கண்டுபிடிக்கப்பட்டது. அதே நகரில் 1960-ல் எடுக்கப்பட்ட ஒரு திசு மாதிரியிலும் இருந்தது. மரபணுவை வெட்டி ஒட்டும் தொழில்நுட்பம் 1970-களின் தொடக்கத்தில்தான் வந்தது. கருவியே இல்லாத காலத்தில் கிருமியை யார் செய்திருக்க முடியும்?

அந்த இரண்டு மாதிரிகளும் இன்னொன்றையும் காட்டிக்கொடுத்தன. ஒரே ஊர், ஓராண்டு இடைவெளிதான். ஆனால் அவற்றின் மரபணு வரிசைகளுக்குள் சுமார் 12 சதவிகித வேறுபாடு இருந்தது. எச்.ஐ.வி எந்த வேகத்தில் மாறும் என்பது தெரியும். அதை வைத்துப் பின்னோக்கிக் கணக்குப் போட்டால் இரண்டுக்கும் பொதுவான மூதாதை 1900-களின் தொடக்கத்துக்குப் போகிறது. 2008-ல் மைக்கேல் வொரோபி குழு சொன்ன மதிப்பீடு 1884-க்கும் 1924-க்கும் இடைப்பட்ட காலம். வைரஸ் கின்ஷாசாவில் 1920 வாக்கில் பரவத் தொடங்கியது என்று 2014-ல் இன்னொரு ஆய்வு சொன்னது. பெல்ஜிய ஆட்சியில் ரயில் பாதையும் ஆற்றுப் போக்குவரத்தும் வளர்ந்து, வேலை தேடி ஆண்கள் குவிந்த நகரம் அது.

அதற்கு முன்பு எங்கே இருந்தது? சிம்பன்சியிடம். காட்டில் கிடந்த சிம்பன்சி எச்சங்களைச் சேகரித்து ஆராய்ந்தபோது, உலகமெங்கும் பரவிய எச்.ஐ.வி-1 வகைக்கு மிக நெருங்கிய வைரஸ் தென்கிழக்கு கேமரூனில் கிடைத்தது. முடிவு 2006-ல் வெளியானது. வேட்டையாடிய விலங்கை அறுக்கும்போது கையில் இருந்த காயத்தின் வழியே ரத்தம் கலந்து மனிதருக்குத் தாவியிருக்கலாம் என்பதே ஏற்கப்பட்ட விளக்கம். இப்படித் தாவியது ஒரு தடவை அல்ல, பல தடவை. மேற்கு ஆப்பிரிக்காவில் அதிகம் காணப்படும் எச்.ஐ.வி-2 வந்தது சிம்பன்சியிடமிருந்துகூட அல்ல, 'சூட்டி மாங்கபே' என்ற வேறொரு குரங்கிடமிருந்து.

போலியோ மருந்துக் கதை

இது கேஜிபி கதை போன்ற மோசடி இல்லை. கேட்கத் தகுந்த கேள்வியாகத்தான் தொடங்கியது. 1957 முதல் 1960 வரை காங்கோ, ருவாண்டா, புருண்டி பகுதியில் 'சாட்' என்ற சோதனை போலியோ சொட்டு மருந்து லட்சக்கணக்கானோருக்குக் கொடுக்கப்பட்டது. அதைத் தயாரிக்க சிம்பன்சி சிறுநீரகம் பயன்பட்டது, வைரஸ் அதில் ஒட்டிக்கொண்டு வந்தது என்று பிரிட்டிஷ் எழுத்தாளர் எட்வர்ட் ஹூப்பர் 1999-ல் பெரிய நூலே எழுதினார். மிச்சமிருந்த மருந்தை எடுத்துச் சோதித்தார்கள். சிம்பன்சியின் தடயம் இல்லை. மருந்தோடு தொடர்புபடுத்தப்பட்ட கிசங்கானி பகுதி சிம்பன்சிகளின் வைரஸ், எச்.ஐ.வி-1-ன் நேர் மூதாதை அல்ல என்று 2004-ல் தெரிந்தது. தவிர, மருந்து வருவதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே வைரஸ் மனிதரிடம் இருந்திருக்கிறதே!

ஆனாலும் பயம் போகவில்லை. 2003-ல் வடக்கு நைஜீரியாவில், போலியோ மருந்தில் எச்.ஐ.வி இருக்கிறது, மலட்டுத்தன்மை வரும் என்ற வதந்தியால் முகாம்களே நின்றன. அங்கிருந்து போலியோ பல நாடுகளுக்கு மறுபடியும் பரவியது.

'வெளியிலிருந்து வந்தது' என்றால் யார் மாட்டுவார்கள்?

இந்தியாவில் எய்ட்ஸ் வெளிநாட்டார் நோய் என்றே பேசப்பட்டது. 1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரியின் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும், பாலியல் தொழில் செய்த பெண்களின் ரத்தத்தை எடுத்து வேலூர் சி.எம்.சி-யில் சோதித்தார்கள். ஆறு மாதிரிகளில் எச்.ஐ.வி இருந்தது. நாட்டின் முதல் சான்று அதுதான். 1988-ல் ஐ.சி.எம்.ஆர் தலைமை இயக்குநர் ஏ.எஸ். பெயின்டல், இந்தியர்கள் வெளிநாட்டினரோடு உடலுறவு கொள்வதைச் சட்டம் போட்டுத் தடுக்க வேண்டும் என்றார். ஆப்பிரிக்க மாணவர்களுக்குக் கட்டாயப் பரிசோதனை நடந்தது. 1989-ல் கோவாவில் ரத்த தானம் செய்துவந்த டொமினிக் டிசூசா, எச்.ஐ.வி இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகப் பிடிக்கப்பட்டு 64 நாட்கள் தனிமையில் அடைக்கப்பட்டார்.

அமெரிக்காவில் மாட்டியவர் கேட்டன் டூகா என்ற கனடா விமானப் பணியாளர். ஆய்வு ஒன்றில் 'கலிஃபோர்னியாவுக்கு வெளியே' என்று குறிக்க அவருக்கு 'ஓ' என்ற எழுத்தைப் போட்டிருந்தார்கள். அதைப் பூஜ்ஜியமாகப் படித்து, 'முதல் நோயாளி' ஆக்கிவிட்டார்கள். அவர் வருவதற்கு முன்பே, 1970 வாக்கிலேயே, நியூயார்க்கில் வைரஸ் சுற்றிக்கொண்டிருந்தது என்று 2016-ல்தான் நிரூபணமானது. அதற்குள் அவர் இறந்து 32 ஆண்டுகள்.

கொல்கத்தாவின் சோனாகாச்சியில் 1992-ல் மருத்துவர் ஸ்மரஜித் ஜனா தொடங்கிய வேலை வேறு மாதிரி. கிருமியை யார் கொண்டுவந்தார் என்ற விசாரணையே அங்கே இல்லை. பாலியல் தொழில் செய்யும் பெண்களையே பயிற்சியாளர்களாக்கி, ஆணுறை இல்லாமல் வரும் வாடிக்கையாளரை எல்லோரும் சேர்ந்து மறுக்கவைத்தார்கள். மும்பையின் சிவப்பு விளக்குப் பகுதிகளில் பாதிப் பேர்வரை தொற்று இருந்த காலத்தில், சோனாகாச்சியில் அது பல மடங்கு குறைவாகவே இருந்தது.

உங்களுக்குச் சந்தேகம் இருந்தால் அரசு மருத்துவமனைகளில் உள்ள நம்பிக்கை மையத்தில் இலவசமாகப் பரிசோதிக்கலாம். விவரம் ரகசியமாக வைக்கப்படும். தேசிய உதவி எண் 1097.